சர்டிபிகேஷன் தேர்வுக்கு மொத்தமாக எவ்வளவு ஆனது? உங்கள் கணக்கையும் சொல்லுங்கள்

வேளச்சேரி மேன்ஷன்:

"அண்ணா, நானும் நெட்வொர்க்கிங் தேர்வு எழுதட்டுமா, ஃபீஸ் எவ்வளவு?" என்று நேற்று தங்கை கேட்டாள். வெப்சைட்டில் போட்டிருக்கிற தொகையைச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், நான் கட்டியது அந்தத் தொகை இல்லையே என்று உறைத்தது. என் கணக்கை முதலில் போடுகிறேன்.

2018 அக்டோபர். டாலர் 74 ரூபாயைத் தொட்டிருந்த மாதம். சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க்கிங் தேர்வான சிசிஎன்ஏ, அப்போதிருந்தது (தேர்வு எண் 200-125), 325 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 28,000 சொச்சம். என் சம்பளம் 16,000. விழுப்புரத்தில் அம்மா 50,000 ரூபாய் சீட்டு ஒன்று போட்டிருந்தார், அப்போது நாலாவது மாதம்தான். பணம் அவசரம் என்று தெரிந்தால் ஏலத்தில் சும்மா விடுவார்களா? 11,000 தள்ளி எடுத்தார். அந்த 11,000 எந்தத் தேர்வு ரசீதிலும் கிடையாது.

அந்தத் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. சிமுலேஷன் கேள்வி ஒன்றில் ரவுட்டரை நோண்டிக்கொண்டே இருபது நிமிடத்தைத் தொலைத்தேன். கடைசி ஏழெட்டுக் கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை. வெளியே வந்ததும் பிரிண்ட் அவுட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஃபெயில். ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பது விதி. எழுதலாம், இன்னொரு முழுக் கட்டணம் இருந்தால்.

அம்மாவிடம், "ரிசல்ட் வர மூணு மாசம் ஆகும்மா" என்று சொல்லிவிட்டேன்.

2019 ஜனவரியில் ரூம்மேட்டின் கிரெடிட் கார்டில் ஆறு மாதத் தவணை போட்டு மறுபடி எழுதினேன். டாலர் கொஞ்சம் இறங்கியிருந்ததால் 27,000 ஆனது. பாஸ். "அம்மா, ரிசல்ட் வந்துடுச்சு." மார்ச்சில் வேறு வேலை, சம்பளம் 24,000. அதனால் பணம் வீணானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளு, வட்டி எல்லாம் சேர்த்தால் 66,000-க்கு மேல். அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். 2020 பிப்ரவரி 24 முதல் தேர்வையே மாற்றி 200-301 என்று புதிதாகக் கொண்டுவந்துவிட்டார்கள். புதுப்பிக்க மறுபடி ஒரு தேர்வு எழுத வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி வகுப்புகளில் 30 கிரெடிட் சேர்க்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. 2022-ல் காலாவதி. அதற்கப்புறம் யாரும் கேட்கவும் இல்லை.

பீளமேடு அக்கா:

தம்பி, கம்பெனி பணம் தரும் என்று நம்பி எழுதியவள் நான். எங்கள் இடத்தில் பாஸ் ஆனால் முழுப் பணமும் திரும்ப வரும், ஃபெயில் ஆனால் அவரவர் பாடு. ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட், அதாவது அமேசானின் கிளவுட் (இணையவழி வாடகை சர்வர்) தேர்வு, 150 டாலர். 1000-க்கு 720 எடுக்க வேண்டும். எனக்கு 711. பதினாலு நாள் காத்திருந்து திரும்ப முழுக் கட்டணம் கட்டிப் பாஸ் ஆனேன். இரண்டாவது ரசீதுக்கு மட்டும் பணம் வந்தது. அதற்கும் ஒரு வருடம் வேலையை விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது மாதம் நல்ல ஆஃபர் வந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். ஆக, கம்பெனி கொடுத்தது பூஜ்யம்.

உன் தங்கை கிளவுட் பக்கம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. கிளவுட் பிராக்டிஷனர் என்ற 100 டாலர் ஆரம்பத் தேர்வை முதலில் எழுதச் சொல். பாஸ் ஆனால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணம். 100, 75, மொத்தம் 175. நேரே 150 கட்டுவதைவிட 25 டாலர்தான் கூட, கையில் இரண்டு சான்றிதழ். இன்னொன்று, இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். காசில்லை. ஆனால் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். எனக்கு முதல் தடவை இது தெரியாது. அந்த ஒன்பது மார்க் அங்கேதான் போயிற்று என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

நாகர்கோவில்காரன்:

நான் ஃபெயில் ஆகவில்லை. பாஸும் ஆகவில்லை. உள்ளேயே போகவில்லை.

எல்லாம் இனிஷியலால் வந்த வினை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. சரி என்று அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். ஆதாரில் என் பெயர், பக்கத்தில் ஒற்றை எழுத்து, அவ்வளவுதான். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டே எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்து, அரை மணி நேரம் முன்னதாகவே மையத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்த பெண் அடையாள அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நேம் மேட்ச் ஆகல." அப்பா பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது என்று எவ்வளவோ சொன்னேன். அவருக்குப் புரியாமல் இல்லை, அவரும் தமிழ்தான். அவர் பெயருக்குப் பக்கத்திலும் இனிஷியல்தான் இருந்தது, பேட்ஜில் பார்த்தேன். "சிஸ்டம் விடாது சார்" என்றார்.

கட்டணம் போனது போனதுதான். திரும்பும்போது டிக்கெட் கிடைக்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே திருச்சி வரை வந்தேன்.

மொட்டைமாடி:

வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரே வார்த்தை: ஆடி.

அறையை நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பி, மேஜையைத் துடைத்து, கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். நாற்பதாவது நிமிடம் தெருமுனை அம்மன் கோவில் ஸ்பீக்கர் முழங்க ஆரம்பித்தது. அறையில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று கேமரா வழியே பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் எச்சரித்தார். நான் கோவில், கூழ், திருவிழா என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒரு சொம்பு கூழோடு கதவைத் திறந்தார். தேர்வு ரத்து. கூழ் நன்றாக இருந்தது.

வண்ணார்பண்ணை:

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக் கதை வேறு, அண்ணா. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 இலங்கை ரூபாய் சொச்சம். 150 டொலர் சோதனைக்கு 30,000 சேர்த்து வைத்திருந்தேன். "இன்னும் இரண்டு மாதம் படித்துவிட்டுக் கட்டு" என்று அக்கா சொன்னார், நானும் கேட்டேன். மே மாதம் டொலர் 360. அதே சோதனை 54,000. நான் ஒரு பாடமும் கூடப் படிக்கவில்லை, ஏனென்றால் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. காசு இருந்தவர்களுக்கும் அட்டையால் வெளிநாட்டுக்குக் கட்டுவது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் கனடாவில் இருக்கிற சித்தப்பா தன் அட்டையால் கட்டினார். பாஸ் பண்ணிவிட்டேன். அவர் இன்றுவரை அந்தக் காசைக் கேட்கவில்லை. ஆனால் போன் எடுக்கும்போதெல்லாம் "வேலை எப்படி?" என்றுதான் தொடங்குவார்.

பீளமேடு அக்கா:

சித்தப்பா பணத்துக்குத்தான் வட்டி அதிகம்.

வேளச்சேரி தம்பி, விட்டுப்போன ஒன்று: மைக்ரோசாஃப்ட் தேர்வுகளுக்கு நாட்டுக்கு நாடு விலை வேறு, நம் ஊரில் அமெரிக்காவைவிடக் குறைவு. அவர்களுடைய கிளவுட் தேர்வான அஷ்யூர் அட்மினிஸ்ட்ரேட்டர் மாதிரியானவற்றை வருடா வருடம் ஆன்லைனில் இலவசமாகவே புதுப்பிக்கலாம். உன்னுடையது மாதிரி காலாவதியாகி நிற்காது. தங்கைக்கு எது வேலைக்கு ஆகும் என்று பார்த்துச் சொல்.

வேளச்சேரி மேன்ஷன்:

எல்லாவற்றையும் படித்துவிட்டு ராத்திரி தங்கையைக் கூப்பிட்டேன். ஃபீஸ் பேச்சை எடுக்கவில்லை, ஆதார் அட்டையைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பு என்றேன். அனுப்பினாள்.

நாகர்கோவில் அண்ணே, அவளுக்கும் ஒற்றை எழுத்துதான். அப்புறம் ஆதாரில் பெயரைத் திருத்தியிருந்தால், அதற்கு என்னென்ன தாள் கொண்டுபோனீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள்.