சாட்பாட்டிடம் வெண்பாவும் கட்டுரை விமர்சனமும்: எப்படிக் கேட்பது?

கிளமெண்டி_வாசகர்
வணக்கம். சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டி நேரிசை வெண்பா ஒன்றும், உணவங்காடி நிலையங்கள் பற்றி 1,200 சொல்லில் கட்டுரை ஒன்றும் தயாராகின்றன. சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலுமே வெண்பா கேட்டால் தளை (அடுத்தடுத்த சீர்கள் இணையும் விதி) தட்டுகிறது. கட்டுரையைக் கொடுத்தால் "மிக அருமை" என்பதோடு சரி. கேட்கும் முறையில் எதை மாற்றலாம்?

காய்முன்_நேர்
வெண்பாவை முழுதாக எழுதச் சொல்லாதீர்கள். இந்தச் சாட்பாட்கள் சொல்லை நேர், நிரை என்னும் அசையாகப் பார்ப்பதில்லை. டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டிப் பார்க்கின்றன. வெட்டு விழும் இடம் அசை முடியும் இடமாக இருப்பதில்லை. அதனால்தான் "மாலை வானில்" என்று எழுதிவிட்டு வெண்டளை (வெண்பாவுக்குரிய தளை) சரி என்று அதுவே சான்றும் கொடுக்கும். மா/லை தேமா (நேர், நேர்). மாமுன், அதாவது மாச்சீரை அடுத்து, நிரை வரவேண்டிய இடத்தில் வா/னில் நேரில் தொடங்குகிறது, ஆசிரியப்பாவுக்குரிய ஆசிரியத்தளை புகுந்துவிட்டது. "மாலைப் பொழுதில்" என்றால் "பொழு" நிரை, தளை நிற்கும்.

அதனிடம் கேட்க வேண்டியது சொற்களஞ்சியம். எதுகைக்கு இருபது சொல் கேளுங்கள். "பட்டு" என்றதற்குப் "பாட்டு", "காட்டு" என்று தரும். இரண்டாம் எழுத்து ஒன்றினாலும் முதலெழுத்தின் அளவு (குறில், நெடில்) ஒக்கவில்லை, தள்ளிவிடுங்கள். கட்டு, தட்டு, மொட்டு நிற்கும். அடிகளை நீங்களே கட்டி, அவலோகிதம் யாப்பு மென்பொருளில் இட்டுப் பாருங்கள். சீர், தளையை அது விதிப்படி பிரித்துக் காட்டும். இரண்டாம் அடியின் இறுதியில் அதே எதுகையில் தனிச்சொல், ஈற்றடியில் மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்று: இவற்றையும் தனியே சரிபாருங்கள்.

புதுக்கவிதையையும் அதனிடம் விட வேண்டாம். நிலா, மௌனம், கண்ணீர் என்று யாருடையதும் அல்லாத வரிகளே வரும். தேக்கா அங்காடியின் ஈரத்தரையை நீங்கள்தான் எழுத வேண்டும்.

விக்டோரியா_தெரு
கட்டுரைக்கு: "என் கட்டுரை" என்று சொன்னாலே பாராட்டத் தொடங்கிவிடும். புதிய உரையாடலைத் திறந்து, யார் எழுதியது என்று சொல்லாமல் ஒட்டுங்கள். "எப்படி இருக்கிறது?" என்பதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "ஒவ்வொரு பத்தியும் என்ன வாதம் வைக்கிறது என்று ஒரே வரியில் சொல். முந்தைய பத்தியிலிருந்து பிறக்காத பத்தி எது? ஆதாரமில்லாமல் நிற்கும் மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்துக்காட்டு." எடுத்துக்காட்டும் வாக்கியத்தை உங்கள் கோப்பில் தேடிப் பாருங்கள். சொல் மாறியிருந்தால் அந்தக் குறையை நம்ப வேண்டாம். 1,200 சொல்லையும் ஒரே மூச்சில் கொடுத்தால் நடுப்பகுதியை மேலோட்டமாகக் கடந்துவிடக்கூடும்; மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

திருத்தி எழுதச் சொல்லவே கூடாது. "ஒரு முக்கியப் பங்கை வகிக்கிறது" போன்ற மொழிபெயர்ப்பு வாடை ஏறிவிடும். ஒற்றுப்பிழைத் திருத்தமும் நம்பத்தக்கதல்ல. "எனக்கு தெரியும்" என்பதை விட்டுவிட்டு, சரியாக இருந்த "வந்த பையன்" என்பதில் ஒற்றைச் சேர்க்கும்.

புக்கிஸ்_படிப்பாளி
நூல் விமர்சனத்துக்கும் இதே எச்சரிக்கை. சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவற்றின் உள்ளடக்கம் இணையத்தில் மிகக் குறைவு. தலைப்பை மட்டும் கொடுத்தால் இல்லாத கதாபாத்திரத்தையும் சேர்த்துச் சுருக்கம் தரும். நூலகத்தில் எடுத்துப் படித்து, உங்கள் குறிப்புகளை அதனிடம் கொடுத்து, "இந்தக் கருத்துக்கு எதிர்வாதம் சொல்" என்று கேளுங்கள். அங்கேதான் இது உண்மையாகவே கைகொடுக்கிறது.

தங்கமுனை விருது போன்ற இலக்கியப் போட்டிக்கு அனுப்புவதானால், செயற்கை நுண்ணறிவு பற்றி அந்த ஆண்டு விதிமுறை சொல்வதை முதலில் படித்துவிடுங்கள்.