பதில்: கமாடோ அடுப்பும் ‘மறைமுகச் சமையலும்’: ‘சூழனல்’ சரியாக இருக்குமா?

வணக்கம் நண்பர்களே. தணல் நேராகப் படாமல், மூடிய கரி அடுப்பின் சூடான காற்றிலேயே கறியை வேகவைப்பதை ஆங்கிலத்தில் ‘indirect cooking’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> ‘மறைமுக வரி’ இருக்கும்போது ‘மறைமுகச் சமையல்’ ஏன் கூடாது?

வரிக்குப் பொருந்துகிறது, அடுப்புக்குப் பொருந்தவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பிராய் (வெளியில் தணல் மூட்டிக் கறி சுடுவது) அடுப்பருகே நிற்பவர் காதில் இது விழுந்தால், ஒளித்துச் செய்யும் சமையல் என்ற பொருள்தான் முதலில் வரும். கறிக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கமாடோ என்னும் முட்டை வடிவப் பீங்கான் அடுப்பின் அடியில் கரி. அதன்மேல் கனத்த பீங்கான் தட்டு, தட்டின்மேல் கொழுப்பு சொட்ட ஒரு தட்டம், அதற்கும் மேலே கம்பி வலையில் ஆட்டு விலா. மூடியை இறக்கியதும் தணலின் கதிர் தட்டில் பட்டு நின்றுவிடுகிறது. சூடான காற்று மட்டும் தட்டின் ஓரமாக ஏறி, பீங்கான் சுவரையும் மூடியையும் காயவைத்து, கறியை எல்லாப் பக்கமும் சூழ்கிறது. மர நிழலில் நிற்கும்போது வெயில் படாது, வெக்கை படும் அல்லவா, அப்படித்தான். 110–120 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் இருந்தால்தான் விலாவின் சவ்வு கரைந்து கூழாகும். நேர்த்தணலில் வைத்தால் அதற்குள் மேல்தோல் கருகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூடு 120ஐ எட்டும் முன்பே, காற்று நுழையும் கீழ்த் துளையையும் புகை வெளியேறும் மேல் துளையையும் சிறிதாக்கிவிட வேண்டும். பீங்கான் ஒருமுறை மிகையாகச் சூடேறிவிட்டால் எளிதில் ஆறாது.

> ‘தம்’ என்ற சொல்லே போதுமே.

‘தம்’ நல்ல சொல், ஆனால் வேறு வேலைக்கு. அதில் பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்து ஆவியை உள்ளேயே நிறுத்துகிறோம். இங்கே காற்று கீழே நுழைந்து புகையோடு மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம் நின்றால் தணலே அணைந்துவிடும்.

‘தடுப்புச் சூடு’ என்று ஒரு நண்பர் சொன்னது பீங்கான் அடுப்புக்குச் சரி. இங்கே பல வீடுகளில் இருப்பதோ வெபர் கெட்டில் என்னும் உருண்டையான, மூடியுள்ள உலோகக் கரி அடுப்பு. அதில் தட்டே கிடையாது. கரியை இரு ஓரமும் ஒதுக்கி, நடுவில் கறியை வைக்கிறோம். ‘ஓரச்சூடு’ என்றால் கெட்டிலுக்கு ஆகும், கமாடோவுக்கு ஆகாது.

இரண்டுக்கும் பொதுவானது கறியைச் சூழும் அனல்தான். அதனால் ‘சூழனல்’ என்று முன்மொழிகிறேன். சூழ் + அனல், வினைத்தொகை. வினையாக ‘சூழனலில் வாட்டு’. எதிர்ப்பதம் புதிதாகத் தேடவே வேண்டாம், ‘தணலில் சுடு’ என்று நம் பாட்டிமார் சொன்னதே இருக்கிறது. தட்டுக்கு ‘வெப்பத் திருப்பி’யைவிட ‘தணல்மறைப்பு’ தெளிவு.

பிள்ளைகளுக்கு ‘ழ’ உச்சரிக்க வராதே என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் டொங்காட்டிலும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே ‘தமிழ்’ என்ற சொல்லில் அந்த எழுத்தைச் சந்திக்கிறார்கள். அதற்கு அஞ்சி நல்ல சொல்லை விட வேண்டாம். செப்டம்பர் 24, பாரம்பரிய நாளில் நாடு முழுக்க பிராய் மூட்டும்போது அவர்கள் வாயில் இந்தச் சொல் புழங்க வேண்டும் என்பது என் ஆசை.

துளைகள் இரண்டும் பாக்கி. கீழுள்ளது ‘காற்றுவாய்’, மேலுள்ளது ‘புகைவாய்’. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.