நர்ஸிங் ரெசிடென்சி தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது, எதற்குத் தயாராக வேண்டும்?

புது_ஸ்டாஃப்:

எல்லோருக்கும் வணக்கம். படிப்பு முடிந்து, பதிவும் கைக்கு வந்து, ஒரு மருத்துவமனையின் ரெசிடென்சி திட்டத்தில், அதாவது புது நர்ஸ்களுக்கான பயிற்சிப் பணியில், இடம் கிடைத்திருக்கிறது. பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் சேர்ந்த வார்டு. மொத்தம் 12 மாதம். முதல் 12 வாரம் பிரிசெப்டர், அதாவது வழிகாட்டும் அனுபவமுள்ள நர்ஸ், கூடவே இருப்பார், அப்புறம் என் பெயரில் நோயாளிகளைத் தருவார்கள், நடுவில் மாதம் ஒரு நாள் வகுப்பு.

ஊசி போடுவதோ கதீட்டர் வைப்பதோ எனக்குப் பயமில்லை, அது கை பழகினால் வந்துவிடும். என் பயம் வேறு. கடைசி செமஸ்டர் பயிற்சியில் ஒரு அம்மாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 26 இருந்தது. நான்தான் எண்ணினேன், சார்ட்டிலும் எழுதினேன். பிபி சரியாக இருந்தது, ஆக்ஸிஜன் 95, நாடி 104. பொறுப்பில் இருந்த அக்கா ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு ஓடிக்கொண்டிருந்தார், இதற்காகவா அவரை நிறுத்துவது என்று யோசித்து யோசித்தே இருபது நிமிடம் போய்விட்டது. பிறகு அவரே சார்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். நிமோனியா. அந்த அம்மா குணமாகி வீட்டுக்குப் போனார், யாரும் என்னைத் திட்டவும் இல்லை. ஆனால் அந்த இருபது நிமிடம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

இந்த மூன்று வாரத்தில் என்ன படிக்கலாம்? அதைவிட முக்கியம், எப்போது கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? பிரிசெப்டரோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது?

வார்டு_அக்கா:

முதலில் ஒன்று சொல்கிறேன் தங்கச்சி, நீ மூச்சை உண்மையாகவே எண்ணியிருக்கிறாய். அவசரத்தில் 18 அல்லது 20 என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதே, முழு ஒரு நிமிடம் எண்ணு.

உடம்பு சரியில்லாமல் போகும்போது மூச்சும் நாடியும்தான் முதலில் ஏறும். பிபி இறங்காமல் உடம்பு ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும், அது இறங்கும்போது நாம் ஏற்கெனவே தாமதமாகியிருப்போம். அதனால் பிபி சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதே.

உன் கேள்விக்கு நேரான பதில், எப்போது கூப்பிடுவது என்பதை உன் தைரியத்தை நம்பி விடாதே, எண்ணை நம்பு. நியூஸ்2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறை இருக்கிறது, இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்டது. உன் வார்டில் இதுவோ இதுபோல வேறொன்றோ இருக்கும். நீ சொன்ன அம்மாவையே போட்டுப் பார்ப்போம். மூச்சு 25 அல்லது அதற்கு மேல், அதற்கு 3. ஆக்ஸிஜன் 95, அதற்கு 1. நாடி 104, அதற்கு 1. மொத்தம் 5. அந்த முறைப்படி 5 வந்தாலே டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும், 7 வந்தால் அவசரக் குழு. அந்த மூச்சு ஒன்றுக்கே 3 வருகிறது, ஒரே அளவீட்டில் 3 வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அக்காவை நிறுத்தலாமா என்று நீ யோசித்த கேள்விக்கு அந்த மதிப்பெண் தாளே பதில் சொல்லியிருக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே உன் வார்டின் தாளைக் கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படி.

எப்படிக் கூப்பிடுவது என்றால், எஸ்பார் முறை. நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு என்ன வேண்டும், இந்த நான்குதான். உதாரணமாக: “டாக்டர், 12ஆம் படுக்கை அம்மாவுக்கு மூச்சு 26, ஒரு மணி நேரம் முன்பு 18 இருந்தது. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். வலது பக்க அடியில் மூச்சுச் சத்தம் குறைந்திருக்கிறது, நெஞ்சில் தொற்றோ என்று நினைக்கிறேன். நீங்கள் பத்து நிமிடத்தில் வந்து பார்க்க வேண்டும்.” புதியவர்கள் முதல் மூன்றையும் நன்றாகவே சொல்வார்கள், நான்காவதைச் சொல்லக் கூச்சப்பட்டு “சும்மா சொல்லிவைக்கலாம் என்றுதான்” என்று முடித்துவிடுவார்கள். டாக்டரும் “சரி, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வைத்துவிடுவார். என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேள். நான் முதல் ஆறு மாதம் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்து_அலமாரி:

படிப்பதைப் பற்றி. பெரிய பாடப்புத்தகத்தைத் திரும்ப எடுக்காதீர்கள், மூன்று வாரத்தில் அது ஒட்டாது. வார்டு மேலாளருக்கு ஒரு மெயில் போட்டு அங்கே அதிகம் கொடுக்கும் இருபது மருந்துகளின் பட்டியலைக் கேளுங்கள், சந்தோஷமாகவே தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதற்கு, கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும், எப்போது நிறுத்திவைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு, மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், இவற்றுக்குத் தனி மரியாதை கொடுங்கள். பொட்டாசியத்தை ஒருபோதும் நேரடியாக ஐவியில், அதாவது ரத்தக் குழாய்க்குள், தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். இரண்டு பேர் சரிபார்ப்பது என்றால் “5 யூனிட்தானே அக்கா?” என்று சிரிஞ்சைக் காட்டுவது இல்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உங்கள் விடையைச் சொல்லாமல் ஆர்டரை அவர் கையில் கொடுங்கள், அவர் தனியாகக் கணக்குப் போடட்டும், அப்புறம் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பதினோராம்_மாதம்:

நான் இப்போது ரெசிடென்சியின் 11ஆம் மாதத்தில் இருக்கிறேன், அதனால் எனக்கு இது இன்னும் சூடாகவே நினைவிருக்கிறது.

பிரிசெப்டர் விஷயம். எனக்கு முதலில் வந்தவர் மிகத் திறமைசாலி, ஆனால் நான் தடுமாறினால் என் கையிலிருந்து வாங்கி அவரே செய்துவிடுவார். ஐந்து வாரம் பொறுத்தேன், அது தப்பு. கடைசியில் ஒரு நாள் டூட்டி முடிந்ததும் “நாளைக்கு இரண்டு நோயாளிகளை முழுக்க நான் பார்க்கிறேன், ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள், மற்றதை டூட்டி முடிந்து சொல்லுங்கள்” என்று கேட்டேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். எனக்கு அது வேண்டும் என்று அவருக்குத் தெரியவே இல்லை. அப்படியும் சரிவராவிட்டால் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள், புகாராக இல்லாமல், நான் எப்படிக் கற்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். என்னோடு சேர்ந்த ஒரு தோழிக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, பிரிசெப்டர் போன பிறகு வரும் வாரங்கள்தான் கஷ்டம், சேர்ந்த முதல் நாட்கள் இல்லை. எனக்கு நான்காம் மாதம் டூட்டிக்குக் கிளம்பும் முன் வயிற்றைப் பிசையும். மர்லீன் கிரேமர் என்ற நர்ஸ் ஆய்வாளர் 1974-லேயே இதற்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்திருக்கிறார் என்பதை வகுப்பில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, இது என் குறை மட்டும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. பாட்ரிசியா பென்னர் என்ற இன்னொரு நர்ஸ் ஆய்வாளர், நர்ஸ்கள் திறமை வளர்வதற்குச் சொன்ன ஐந்து படிநிலைகளில் நடுவில் இருக்கும் ‘தேர்ச்சி’ நிலைக்கே ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்கிறார். நான் நான்கு மாதத்தில் அதை என்னிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதாந்திர வகுப்பைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். பாடத்துக்காகச் சொல்லவில்லை, அங்கேதான் மற்ற புதியவர்கள் தாங்கள் பயந்த கதையை வாய்விட்டுச் சொல்வார்கள்.

இரவுப்பணி:

நைட் டூட்டி இருந்தால் ஒரு வார்த்தை. விடியற்காலை 3 முதல் 5 வரை மூளை மந்தமாகும், கணக்குப் போட வேண்டிய மருந்தை அந்த நேரத்தில் தனியாகப் போடாதீர்கள். டூட்டி முடிந்து கண் சொருகினால் வண்டி ஓட்டாதீர்கள், அங்கேயே அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போங்கள்.

புது_ஸ்டாஃப்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வார்டு மேலாளருக்கு இப்போதே மெயில் போட்டுவிட்டேன். வார்டு அக்கா, ஒரே ஒரு கேள்வி. மதிப்பெண் 2 தான் வருகிறது, ஆனால் ஆளைப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது, அப்போது?

வார்டு_அக்கா:

அப்போதும் கூப்பிடு. குறைந்த மதிப்பெண் வந்தால் கூப்பிடக் கூடாது என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. “எண்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் காலையில் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், எனக்குக் கவலையாக இருக்கிறது” என்று சொல். என்ன மாறியது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடு. முதலில் அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸிடம் போ, அவர் உன்னோடு படுக்கை வரை வருவார்.