போதைப் பழக்கம்: டி.பார்ம் மாணவருக்கு எவ்வளவு சொல்லித் தருவது?

செந்தில், டி.பார்ம் (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) ஆசிரியர்:
இப்படிப்புக்கான 2020 விதிமுறைப்படி முதலாண்டில் வரும் சமூக மருந்தகவியல் பாடத்தில், தவறாகப் பயன்படுத்தப்படும் மருந்துகள் பற்றி ஒரு சிறு பகுதி இருக்கிறது. மாணவர்கள் அதைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்து தேர்வெழுதி விடுகிறார்கள். நாளை ஒருவர் மருத்துவர் சீட்டில்லாமல் டேபென்டடால் என்ற கடும் வலி நிவாரணி மாத்திரை கேட்டு வந்து நின்றால், "இல்லை" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு சொல் இருக்காது. அடிமைநிலையின் அறிகுறிகளையும், மருந்து நின்றதும் உடல் படும் பாட்டையும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறேன்.

முருகேசன், மருந்துக் கடை உரிமையாளர்:
எனக்கு இதில் உடன்பாடில்லை, ஐயா. எந்த மாத்திரையைக் கரைத்து எப்படி ஊசியில் ஏற்றுகிறார்கள் என்பதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கிவிட்டு, மறு ஆண்டே அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுப்பது ஆபத்து. சட்டப்படி கூடுதல் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்தென்றால் எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதைப் பிசகாமல் செய்யப் பழக்கினாலே போதும்.

செந்தில்:
ஊசி ஏற்றும் முறையைக் கற்பிக்க நானும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் முறையான சீட்டோடு அல்பிரசோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரை வாங்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். உங்கள் பதிவேட்டில் ஒரு குறையும் இருக்காது, அவர் அதற்கு அடிமையாகியிருக்கலாம். அந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பது தெரியாத மருந்தாளுநர், சீட்டு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவதோடு தன் கடமை முடிந்ததாக நினைப்பார். தெரிந்தவரோ அன்றே மருத்துவரிடம் போகச் சொல்வார். சாவியைப் பற்றிச் சொன்னீர்கள். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நம் தொழிலில் இருப்பவர்களுக்கே அந்த ஆபத்து உண்டு என்பதை வகுப்பில் வெளிப்படையாகப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

கவிதா, மருத்துவமனை மருந்தாளுநர்:
முறைகளை விவரிக்க வேண்டாம் என்பதில் முருகேசன் ஐயா பக்கம் நிற்கிறேன். பதிவேடு போதும் என்பதில் இல்லை. புப்ரினார்பின் மருந்தை வலி நிவாரணி என்று மட்டும் படித்து வரும் மாணவருக்கு, அது ஓபியாய்டு (அபின் வகை மருந்துகள்) அடிமைநிலைக்கான சிகிச்சையும்கூட என்பது மனத்தில் பதிவதில்லை. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று நோயாளியின் தாய் கேட்கும்போது அவர் தடுமாறுகிறார். டி.பார்ம் முடிக்க எப்படியும் 500 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் சில நாள்களை அரசு மருத்துவமனைகளில் இயங்கும் போதை மீட்பு மையங்களில் கழிக்கச் செய்யலாம்.

முருகேசன்:
பயிற்சிக் காலத்தில், மருத்துவர் மேற்பார்வையில் என்றால் ஏற்கிறேன், அம்மா. முதலாண்டு வகுப்பில் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. சீட்டில்லை என்றதற்காகக் கடையைத் தாக்கிய செய்திகள் நம் ஊர்களிலேயே வந்திருக்கின்றன. இரவில் தனியாக நிற்கும் இளம் மருந்தாளுநர், மிரட்டுபவரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தக் கட்டத்தில் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியில் இடம்பெற வேண்டும்.