அகத்தியர் நட்சத்திரம்: காரைக்குடிப் பக்கம் எந்த மாதம், எத்தனை மணிக்கு?

கானாடுகாத்தான்வாசி:
டிசம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரிகிறது. அதுதான் கனோபஸ் என்கிற அகத்தியர் என்கிறார்கள், ஆனால் செல்போன் செயலி வேறு பெயர் காட்டுகிறது. வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) நின்று பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. வருஷத்தில் எப்போது, எங்கே பார்ப்பது? தொலைநோக்கி வேண்டுமா?

தெக்குவானம்:
செயலி சொல்வது சரி. அந்த நேரத்தில் தெற்கே நிற்பது ஆக்கர்னார் என்கிற வேறு நட்சத்திரம். அகத்தியர் அப்போதுதான் தென்கிழக்கில் எழும்பிக்கொண்டிருப்பார்.

நம்ம பக்கத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ஜனவரி 1 அன்று நள்ளிரவு 12 மணிக்கு அது நேர் தெற்கே உச்சிக்கு வரும். அதன்பின் நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் முந்தும். பிப்ரவரி 1-ல் இரவு 10, மார்ச் 1-ல் 8. பின்னோக்கிப் போனால் டிசம்பர் 1-ல் அதிகாலை 2, நவம்பர் 1-ல் 4. உச்சிக்கு 5 மணி நேரம் முன்பு எழும், 5 மணி நேரம் கழித்து மறையும்.

எழுவதும் மறைவதும் நேர் தெற்கிலிருந்து இருபுறமும் 36 பாகை தள்ளி. மே நடுப்பகுதி வரை அந்தியில் தென்மேற்கே தாழ்வாகப் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் சூரியனோடு சேர்ந்தே போய்விடும், தேட வேண்டாம். ஆகஸ்ட் நடுவில் விடியுமுன் 5 மணிவாக்கில் தென்கிழக்கே திரும்ப வரும். அக்டோபர், நவம்பரில் மழை மேகம் பாதி நாளைத் தின்றுவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு பிப்ரவரி, மார்ச்தான் நல்லது.

வெறும் கண்ணே போதும். இரவு வானில் சிரியசுக்கு அடுத்தபடி பிரகாசமான நட்சத்திரம் இதுதான். தொலைநோக்கியில் பார்த்தாலும் புள்ளிதான், செலவு வீண்.

மொட்டைமாடி:
வளவில் ஏன் தெரியவில்லை என்றால், நம்ம ஊரில் அது உச்சியில் இருக்கும்போதே உயரம் 27 பாகைதான். தெற்குச் சுவர் கண் மட்டத்துக்கு மேல் 10 அடி இருந்தால் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு அகலமான வளவு எத்தனை வீட்டில் இருக்கிறது? சிரியஸ் 63 பாகை ஏறுவதால் வளவுக்குள்ளேயே தெரியும். பலர் அதையே அகத்தியர் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

மாடிக்கு ஏறுங்கள், அல்லது கண்மாயின் வடகரையில் நின்று தெற்கே பாருங்கள். கானாடுகாத்தானுக்குத் தெற்கே காரைக்குடி வெளிச்சம் வந்து விழும். அது தொந்தரவாக இருந்தால் தேவகோட்டை தாண்டித் தெற்கே போனால் தேவலை.

அடையாளம்: திருவாதிரைக்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும். அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ். அதிலிருந்து தெற்கே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டியால் மூன்றரை முஷ்டி இறங்கினால் அகத்தியர். அடிவானத்தை ஒட்டி 5 பாகையில் இருக்கும்போது தேடாதீர்கள். அங்கே காற்றுப்படலம் தடிமன். ஒளி மங்கும், சிவப்பும் பச்சையுமாக மினுங்கும், விமானம் என்று விட்டுவிடுவீர்கள்.

தூக்குக்குண்டு:
நாளுக்கு 4 நிமிடம் என்பதை நீங்களே சரிபார்க்க விரும்பினால் மாடியில் தூக்குக் குண்டு கட்டுங்கள். நூலின் நிழல் மிகக் குட்டையாக விழும் நேரத்தில் தரையில் கோடு போட்டால் அது வடக்கு தெற்கு. இரவில் கோட்டின் வடக்கு முனையில் உட்கார்ந்து, நட்சத்திரம் நூலுக்குப் பின்னால் போகும் நிமிடத்தைக் குறியுங்கள். நூலுக்கும் கண்ணுக்கும் 6 அடி இடைவெளி என்றால் நூல் கண்ணுக்கு மேல் 3 அடியாவது உயர வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கோட்டில்தான். உச்சி வேளை கடிகாரத்தில் 12 மணி அல்ல. பிப்ரவரி நடுவில் இங்கே 12:29. 12 மணி நிழலை நம்பினால் கோடு 15 பாகைக்கு மேல் கோணும். 1 பாகை கோணினாலே நட்சத்திரம் 6 நிமிடம் பிசகும். செல்போன் திசைகாட்டியும் இரும்புக் கிராதி, பைக் பக்கத்தில் தடுமாறும்.

கானாடுகாத்தான்வாசி:
நன்றி அண்ணே. மாசி சிவராத்திரிக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். அன்று காட்டலாமா?

தெக்குவானம்:
அதைவிடத் தோதான இரவு கிடையாது. அமாவாசைக்கு முந்தைய நாள், நிலவு விடியும் தறுவாயில்தான் எழும். அன்று அகத்தியர் உச்சிக்கு வருவது, சிவராத்திரி எந்தத் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து, ஏழரைக்கும் ஒன்பதேகாலுக்கும் இடையில். கோயில் மின்விளக்குகளை விட்டுத் தள்ளிப் போய், கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் கொடுங்கள். அந்தக் கால் மணியில் யாரையும் செல்போனைத் தொட விடாதீர்கள்.