ஏழாம் வகுப்புக்கு வளரிளம் பருவப் பாடம்: எப்படி எடுக்கலாம்?

கேள்வி: ஆண், பெண் சேர்ந்து 40 பிள்ளைகள், இரண்டே பீரியட். பெண் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கலாமா?

பதில் 1: முதல் பீரியடில் பிரிக்காதீங்க டீச்சர். மாதவிடாய் பையன்களுக்கும் தெரியணும், குரல் உடைவது பெண்களுக்கும் தெரியணும். இரண்டாவதில் பிரிச்சுக்கலாம். கேள்விப் பெட்டி வைத்தால் எல்லார் கையிலும் ஒரே அளவு சீட்டு கொடுங்க. கேள்வி இல்லாதவங்களும் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போடணும். இல்லாவிட்டால் எழுதுகிற நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள், அடுத்த முறை பெட்டி காலி.

பதில் 2: நாப்கினைப் படத்தில் காட்டாமல் கையில் கொடுத்து ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி, அதாவது ஆறு முதல் எட்டு டீஸ்பூன். கலர் தண்ணீரை அளந்து காட்டினால் பாதி பயம் போகும். குறைவாகப் பட்டாலும் நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்தில் மாற்றணும். துணி வைப்பவர்கள் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்பு போட்டு, வெயிலில் காயவைக்கணும். வெந்நீரில் கறை இறுகும். பாவாடைக்கு அடியில் ஒளித்து உலர்த்தினால் ஈரம் தங்கி அரிப்பு வரும். இதை அம்மாக்களுக்கும் சொல்லுங்க, ஒளிப்பது வீட்டில்தான் தொடங்குது.

பதில் 3: பையன்களை யாரும் கவனிப்பதில்லை. மார்பு லேசாக வீங்குவது பலருக்கும் வரும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் அடங்கும். தூக்கத்தில் விந்து வெளிப்படுவது நோயல்ல, அதனால் பலம் குறையாது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் போலி வைத்தியர் விளம்பரம் சொல்லிக்கொடுக்கும்.

பதில் 4: டாக்டரிடம் எப்போது என்பதையும் சேருங்க: 15 வயதாகியும் பூப்படையாதது, 7 நாளுக்கு மேல் ரத்தப்போக்கு, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடணும். டீயோடு வேண்டாம், சத்து உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள், முன்கூட்டியே சொல்லிடுங்க.