பெரியம்மை ஆயுதமானால் தடுப்பூசிக் கையிருப்பு மட்டும் போதுமா?

கேள்வி:
பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அந்த வைரஸ் இன்று முறைப்படி இருப்பது அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரண்டு ஆய்வகங்களில் மட்டுமே. அப்படியிருக்க, உயிரிப் பயங்கரவாதம் குறித்த அச்சம் ஏன் தணியவில்லை? எல்லோருக்கும் இப்போதே தடுப்பூசி போட்டுவிடலாமே?

பதில் 1:
‘முறைப்படி’ என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஓர் ஆய்வகக் குளிரறையைக் காலி செய்தபோது, 1950களில் அடைத்து வைத்து மறந்துபோன அட்டைப்பெட்டியில் பெரியம்மைக் குப்பிகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டில் வைரஸ் உயிர்ப்புடன் இருந்தது.

பதில் 2:
எல்லோருக்கும் போடுவதை நான் ஏற்கவில்லை. பழைய தடுப்பூசியில் இருப்பது வாக்சினியா என்னும் உயிருள்ள வைரஸ்; கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல்நோய் உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் அது ஆபத்தாகலாம், அரிதாக இதயத்தசை அழற்சியும் வரும். 2003இல் அமெரிக்கா சுமார் 5 லட்சம் மருத்துவப் பணியாளர்களுக்குப் போடத் திட்டமிட்டும் 40,000 பேர்கூட முன்வரவில்லை. நோயை ஒழித்ததில் பெரும்பங்கு வளையத் தடுப்பூசி முறைக்கு உண்டு: நோயாளியைத் தனிமைப்படுத்தி, அவருடன் பழகியவர்களையும், அவர்களுடன் பழகியவர்களையும் தேடிப் பிடித்து ஊசி போடுவது. தொற்றிய 3, 4 நாட்களுக்குள் போட்டாலும் நோயைத் தடுக்கலாம் அல்லது அதன் கடுமையைக் குறைக்கலாம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

பதில் 3:
அந்த 3, 4 நாட்களை நாம் தவறவிடுவது தடுப்பூசிக் கிடங்கில் அல்ல, முதல் நோயாளியின் படுக்கையருகில்தான். 1972இல் யூகோஸ்லாவியாவில் ஒருவருடைய நோயைப் பென்சிலின் ஒவ்வாமை என்று மருத்துவர்கள் கருதினர்; அவரிடமிருந்து மட்டும் 38 பேருக்குத் தொற்றியது. அடங்குவதற்குள் 175 பேர் நோயுற்று 35 பேர் இறந்தனர். இன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் பெரியம்மையை நேரில் கண்டதில்லை. கடுங்காய்ச்சலுக்குப் பிறகு முகத்திலும் கைகால்களிலும், உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட, அடர்ந்து எழும் கொப்புளங்கள் ஓரிடத்தில் எல்லாம் ஒரே பருவத்தில் இருந்தால் பெரியம்மையைச் சந்தேகிக்க வேண்டும். சின்னம்மையில் கொப்புளங்கள் உடற்பகுதியில் மிகுந்து, புதியதும் பொருக்குத் தட்டியதும் கலந்திருக்கும். கோடிக்கணக்கில் ஊசி சேர்ப்பதற்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்காவது இந்தப் பயிற்சிக்குக் கிடைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சிறுவயதில் போட்ட ஊசியின் தழும்பு உள்ளவர்களுக்குக் கவலை இல்லைதானே?

பதில் 2:
அப்படி நம்பியிருக்க முடியாது. எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. உயிராபத்தை ஓரளவு தணிக்கலாம், அவ்வளவே. நோயாளியுடன் பழகியிருந்தால் தழும்பு உள்ளவருக்கும் மறுபடி போடத்தான் வேண்டும்.